தாத்தாவின் .315: குழலை மாற்றுவதா, துப்பாக்கியையே மாற்றுவதா?

எங்கள் தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி, இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 (குழலின் விட்டம், அங்குலத்தில்). 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அதற்குக் குறி அட்டை மட்டும்தான்.

கொஞ்ச நாளாகக் குண்டுகள் கண்டபடி சிதறின. குழல் தேய்ந்துவிட்டது, புதிது வாங்கு என்றார்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் பாகங்களும் ஆயுதமே. நினைத்தபடி குழலை மாற்ற முடியாது. சரி, முதலில் பார்த்துவிடலாம் என்று உரிமம் உள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.

குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகள் கூர்மையாகவே இருந்தன. குண்டுகளின் உறைச் செம்புதான் படிந்திருந்தது. அம்மோனியா கலந்த திரவம் விட்டுத் துடைக்கத் துடைக்கத் துணி நீலமாகவே வந்தது. அப்புறம், குழலைத் தாங்கும் மரக் கட்டை. சென்னையின் ஐப்பசி ஈரத்துக்கு மரம் ஊதி, குழலை ஒரு பக்கமாக நெட்டியிருந்தது (வீட்டு வாசல் கதவும் இதே கதைதான்). அங்கே லேசாகச் சீவி, திருகாணிகளை இறுக்கினார்.

இப்போது குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. வரிகள் மழுங்கினால் அன்றைக்குப் புதுத் துப்பாக்கியே வாங்குவேன். இந்த வயதான இயந்திரத்துக்குக் குழல் தேடி அலைய மாட்டேன்.