பழைய இங்கிலாந்து டீபாட்டைச் செய்தது யார்?

முதல் வேலையாக மூடியை எடுத்துத் தனியே வையுங்கள். கவிழ்க்கும்போது விழுந்து உடைவது அதுதான். அப்புறம் அடியைப் பாருங்கள்.

லெஸ்டர் பக்கத்துச் சந்தைகளில் டீபாட்டைக் கையில் எடுத்தால், நான் பெயருக்கு முன்னால் காலத்தைத்தான் தேடுவேன். காலம் பிடிபட்டால் பாதிப் பெயர்கள் தானாகக் கழிந்துவிடும். ‘இங்கிலாந்து’ என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதன் விளைவு அது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பைப் பதிவு செய்தது 1842-க்கும் 1883-க்கும் இடையில். 1884 முதல் அதற்குப் பதில் வெறும் பதிவெண். இரண்டுமே பதிவான காலத்தைத்தான் சொல்லும். அதே வடிவத்தைப் பல வருடம் கழித்தும் செய்திருக்கலாம்.

சரி, இனி பெயர். கிரீடம், சிங்கம், ஸ்டாஃபர்ட்ஷயர் முடிச்சு (மட்பாண்டத்துக்குப் பேர்போன அந்த மாவட்டத்தின் கயிற்று முடிச்சுச் சின்னம்) இதையெல்லாம் வைத்து முடிவு கட்டாதீர்கள். எத்தனையோ கம்பெனிகள் போட்டுக்கொண்டவை அவை. வெட்ஜ்வுட் என்றால் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ‘ஜி’க்கு அடுத்து நேராக ‘டபிள்யூ’ வர வேண்டும். நடுவில் ஓர் ‘ஈ’ இருந்தால் அது ஜோசையா வெட்ஜ்வுட் தொடங்கிய நிறுவனத்துடையது இல்லை. ‘வெட்ஜ்வுட் அண்ட் கோ’ என்பதும் ஸ்டாஃபர்ட்ஷயரின் டன்ஸ்டாலில் இருந்த வேறொரு கம்பெனிதான்.

எங்கள் ஊர்ச் சரக்கு ஒன்றும் ஆட்களைக் குழப்பும். சதுரப் பெட்டி மாதிரி, மூக்கு வெளியே நீட்டாமல் மூலையோடு அடங்கிய டீபாட். கப்பல் ஆடினாலும் கவிழாது என்று குனார்ட் கப்பல்களில் பயன்படுத்தினார்கள். அதன் அடியில் ‘கியூப் டீபாட்ஸ், லெஸ்டர்’ என்றிருக்கும். அது காப்புரிமையைக் கையாண்ட கம்பெனி. மண் பிசைந்து சுட்டவர் வேறு. அதே அடியில் இன்னொரு பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். டன்ஸ்டாலில் இருந்த ஜார்ஜ் க்ளூஸ் கம்பெனியார் இதை நிறையச் செய்திருக்கிறார்கள்.

‘பிரவுன் பெட்டி’ (Brown Betty) என்பதும் ஒரு டீபாட் வகையின் பெயர்தான், செய்தவர் பெயர் இல்லை. செம்மண் உடல், மேலே மாங்கனீசு கலந்த கரும்பழுப்பு மெருகு. பர்ஸ்லெமில் சாட்லர், ஹேன்லியில் ஆல்காக் லிண்ட்லி அண்ட் ப்ளோர் என்று பலர் செய்தார்கள். களிமண்ணில் அழுத்திய எழுத்து மெருகு நிரம்பி மறைந்திருக்கும். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சை அடியோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.

பெயரே இல்லாவிட்டால் கைப்பிடியின் வளைவு, மூக்கின் முனை, மூடிக் குமிழ் மூன்றையும் படமெடுத்து, ஹேன்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்தில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். தூரிகையால் எழுதிய ஒரு சின்ன எண் அடியில் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது அலங்காரத்தின் எண். தொழிற்சாலையின் பழைய பதிவேட்டோடு பொருந்தினால் ஆள் கிடைத்துவிடுவார். அந்த எண் மெருகுக்கு மேலே எழுதியதாக இருக்கலாம், அதனால் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். ஈரத்துணி போதும்.