அப்பாவின் பெயரில் காத்திருந்த பெட்டிகள்

கத்தாரில் வேலையை முடித்துக்கொண்டு மட்டக்களப்பிலுள்ள கல்லடிக்குத் திரும்புமுன், தையல் இயந்திரம், பாத்திரங்கள், புத்தகங்கள் என 14 பெட்டிகளைக் கப்பலில் அனுப்பினேன். கப்பல் கொழும்பை அடைந்து பத்து நாட்களாகியும், என் பெயரில் சரக்கு எதுவும் வரவில்லை என்றே களஞ்சியசாலையிலிருந்து பதில் வந்தது.

பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன், பயனில்லை. இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் நேரில் கேட்டும் அதே பதில்தான். தரகர் ஒருவரைப் பிடித்தது வீண்செலவு.

மட்டக்களப்புக்குத் திரும்பி, கப்பல் சரக்குப் பத்திரத்தை வரிவரியாகப் படித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. நம்மிடையே முன்னால் எழுதப்படும் தகப்பன் பெயர், என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்குரிய இடத்தில் அச்சாகியிருந்தது; அதை மட்டும் பார்த்த அனுப்பும் முகவர், பெறுநராக அப்பாவின் பெயரை முழுமையாக எழுதி, என் பெயரை ஒற்றை முதலெழுத்தாகச் சுருக்கிவிட்டார்.

பெயரை விட்டுவிட்டுப் பத்திர எண்ணைக் கொண்டு தேடச் சொன்னேன். சில நிமிடங்களில் பெட்டிகள் இருக்குமிடம் தெரிந்தது. அவற்றை விடுவிக்க, கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து திருத்திய பத்திரத்தை முகவரிடம் பெற்று, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியும் முடித்தேன். இவற்றுடனும் மூலக் கடவுச்சீட்டுடனும் சென்ற அன்று மாலையே பெட்டிகள் லொறியில் ஏறின. அப்போதுதான் மூச்சு வந்தது. தாமதித்த நாட்களுக்கான களஞ்சிய வாடகையை மட்டும் நானே கட்ட வேண்டியதாயிற்று.