கோயில் சீலைகளுக்குப் பதிவேடு எழுதும் முறை

காவிரிக் கரையில் எந்தப் பழைய கோயிலின் உக்கிராணத்தை, அதாவது சாமான் அறையைத் திறந்தாலும் ஒரு மூலையில் துணி மூட்டை இருக்கும். தேர்ச்சீலை, தேரில் உருளையாகத் தொங்கும் தொம்பை, வாசலில் கட்டும் வாசமாலை, மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரி எல்லாம் அதற்குள் சுருண்டு கிடக்கும். சொத்துப் பதிவேட்டைப் புரட்டினால் ‘பழைய துணி, ஒரு கட்டு’ என்று ஒரே வரி. வெள்ளிச் சொம்புக்கு எடை எழுதியிருக்கிறார்கள், உற்சவருக்கு உயரம் எழுதியிருக்கிறார்கள். துணிக்கு எதுவும் இல்லை. என் தாய்மாமா கும்பகோணத்தில் தொம்பை தைத்தவர். அவர் தைத்தவை எத்தனையோ ஊர்த் தேர்களில் தொங்கின. ஒரு ஏட்டிலும் அவர் பெயர் கிடையாது. சீலைப் பதிவேடு என்றால் படத்தில் என்ன சாமி இருக்கிறது என்பதோடு, அது எப்படி, யார் கையால் உருவானது என்பதையும் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூட்டையைப் பிரித்தால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், குருக்களிடமும் சொல்லிவிடுங்கள். தரையில் வெளுத்த வேட்டி இரண்டை விரித்து அதன்மேல் சீலையைப் பரப்புங்கள். கையில் எண்ணெய், விபூதி கூடாது. மோதிரமும் வளையலும் கழற்றிவிட வேண்டும். எழுதுவதற்குப் பென்சில் மட்டும். பேனா மை ஒரு சொட்டு விழுந்தால் அதை எடுக்க வழியில்லை.

ஒவ்வொரு சீலைக்கும் ஒரு அட்டை. அதன் முதல் வரியில் எழுத வேண்டியது இது: படம் தறியில் வந்ததா, கலம் என்ற மூங்கில் எழுதுகோலில் வந்ததா, ஊசியில் வந்ததா? ஐரோப்பாவின் பெரிய சுவர்த்திரைகளில் படம் தறியிலேயே பிறக்கிறது. குறுக்கு நூலான ஊடை கரையிலிருந்து கரைவரை ஓடாமல், தன் நிறத்துக்குரிய இடத்தில் மட்டும் போய்த் திரும்பிவிடும். நம் பக்கத்துத் திரைகள் பெரும்பாலும் எழுதியவை அல்லது தைத்தவை. இரண்டும் கலந்ததும் உண்டு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிகருப்பூரில் செய்த சேலைகளில் சரிகைப் பூவைத் தறியில் ஊடையோடு சேர்த்து நெய்து, அதன் பிறகு மெழுகு பூசிச் சாயம் ஏற்றினார்கள். 1855இல் அந்த அரசு முடிந்ததும் வாங்க ஆளில்லாமல் அந்த நெசவு நலிந்தது. அப்படி ஒன்று உங்கள் கையில் கிடைத்தால் ‘சேலை’ என்று மட்டும் எழுதி நகராதீர்கள்.

எழுதிய சீலை என்றால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். சாயம் நூலுக்குள் இறங்கியிருந்தால் படம் பின்னாலும் தெரியும். மேற்பூச்சு வண்ணம் என்றால் பின்பக்கம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். ஒரே பூ ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்து, சேரும் இடத்தில் கோடு சற்றுத் தப்பியிருந்தால் அச்சுக்கட்டை பயன்பட்டிருக்கிறது.

கலத்தால் எழுதிச் சாயம் ஏற்றும் கலம்காரி வேலையின் வரிசையைத் தெரிந்து வைத்திருந்தால் துணியே பாதியைச் சொல்லிவிடும். வெளுக்காத கோராத்துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு கோடு ஊறிப் பரவாமல் தடுக்கிறது. புளியங்குச்சிக் கரியால் உருவம் போட்டு, துணியோ நூலோ சுற்றிய மூங்கில் கலத்தால் கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். அந்தக் கறுப்பு, துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த நீர். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். பிறகு சாயவேரோடு கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு, மற்ற இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சள் கடைசியில். நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் பச்சை.

இதிலிருந்து பதிவுக்கு இரண்டு பெரிய பயன்கள். பழைய சீலையில் மரத்தின் இலைகள் நீலமாக இருந்தால் ‘நீல இலைகள்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். வெயிலில் முதலில் போவது மஞ்சள். ஆகவே ‘இப்போது நீலம், முன்பு பச்சையாக இருந்திருக்கலாம்’ என்று எழுதி, மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில் பச்சை மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கறுப்புக் கோடு. இரும்புச் சாயம் காலப்போக்கில் பருத்தியை அரித்துவிடும். சுற்றிலும் துணி திடமாக இருக்கும். அனுமாரின் புருவமும் வாலின் விளிம்பும் மட்டும் பொடிந்து ஓட்டையாகும். அதை எலி கடித்தது, பூச்சி தின்றது என்று எழுதினால், பாதுகாக்க வருபவர் தவறான மருந்தைத் தேடுவார். ‘கறுப்புக் கோட்டு வழியே அரிப்பு’ என்று தெளிவாக எழுதுங்கள்.

சாயத்தின் பெயரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. சிவப்பு தரும் செயற்கை அலிசரின் 1869 முதலும் செயற்கை அவுரி 1897 முதலும் விற்பனைக்கு வந்துவிட்டன. வேரிலிருந்து வந்த சிவப்பையும் ஆலையிலிருந்து வந்த சிவப்பையும் ஆய்வுக்கூடம்தான் பிரித்துச் சொல்ல முடியும். நீங்கள் ‘சிவப்பு’ என்று எழுதினால் போதும்.

தொம்பைக்கு வேறு கண் வேண்டும். அங்கே யாளியும் மயிலும் தாமரையும் துணியில் வெட்டி, வேறு துணிமேல் வைத்துத் தைத்தவை. கைத்தையலா, இயந்திரத் தையலா, பூவின் விளிம்பில் கயிறு வைத்திருக்கிறதா, நாடாவா, உள்ளே எத்தனை அடுக்கு, எல்லாம் எழுதுங்கள். பழைய தொம்பையில் அடிக்கடி ஒரு உருவம் மட்டும் பளிச்சென்று புதிதாக இருக்கும். நைந்ததை எடுத்துவிட்டு வேறொருவர் தைத்து வைத்தது. அதுவும் அந்தச் சீலையின் வரலாறுதான், தனி வரி கொடுங்கள். இதைவிட முக்கியம், அது தேரில் தொங்கும் இடம். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த பின் 96 அடி என்பார்கள். அந்த உயரத்தில் பெரும்பகுதி மூங்கிலும் துணியும்தான். எது எந்தத் தட்டில், எந்த மூலையில் என்பது தேர் கட்டுபவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அலங்காரம் நடக்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்து, அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண் போடுங்கள்.

அளவு சென்டிமீட்டரில், நடுவிலும் இரு ஓரத்திலும் எடுங்கள்; பழைய துணி நேராக இருக்காது. நெடுக்கு நூலான பாவும் ஊடையும் சென்டிமீட்டருக்கு எத்தனை என்று நூல் எண்ணும் கண்ணாடியால் மூன்று இடத்தில் பாருங்கள். எத்தனை பாகம் மூட்டியது என்பதும் வேண்டும். எண்ணைத் துணியில் எழுதாதீர்கள். வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி, பின்பக்க மூலையில் நான்கு தளர்ந்த தையலில் பிடியுங்கள். பசை, ஊக்கு, ஸ்டேப்ளர் எதுவும் வேண்டாம். ஒரு நல்ல பதிவு இப்படி இருக்கும்:

‘சீ. 7. அஸ்மானகிரி. பருத்தி, கலத்தால் எழுதியது, மூன்று பாகம் கைத்தையலில் மூட்டியது. நடுவில் தாமரை, சுற்றிலும் கிளி வரிசை. மேல் ஓரத்தில் தெலுங்கு எழுத்து ஒரு வரி, படியெடுத்து இணைத்துள்ளது. வடகிழக்கு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கு. கறுப்புக் கோட்டு வழியே அரிப்பு, பன்னிரண்டு இடம். இரண்டு ஒட்டு, ஒன்று ஆலைத்துணி.’

எழுத்து இருந்தால் எழுத்துப் பிழையோடு அப்படியே படியெடுங்கள், திருத்தக் கூடாது.

முடிந்தால் ஒரு படத்தொகுப்போடு சிக்கல்நாயக்கன்பேட்டைக்கோ கருப்பூருக்கோ போய்க் கலம் பிடிப்பவர்களிடம் காட்டுங்கள். கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குடும்பங்கள் இன்றும் எழுதுகிறார்கள். கோட்டின் தடிமனைப் பார்த்தே கலம் எப்படிச் சீவியது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே, பெயரோடு, தேதியோடு எழுதுங்கள். கூலியும் கொடுங்கள், அவர்களுக்கு அது ஒரு நாள் வேலை.

திரும்ப வைக்கும்போது மடிக்காதீர்கள். பருமனான குழாயில் வெளுத்த மல்துணி சுற்றி, எழுதிய முகம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டி, மேலே இன்னொரு மல்துணி. தொம்பையை உருட்ட முடியாது, பெட்டியில் படுக்க வையுங்கள். பாச்சை உருண்டை துணியில் படவே கூடாது. ராமபாணப் பூச்சி வராமலிருக்க வசம்பைத் தனித் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம். பாலித்தீன் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

100 ஆண்டைத் தாண்டிய சீலை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். யாரும் அதை வெளிநாட்டுக்கு விற்க முடியாது. திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் காட்ட உங்கள் படமும் அளவும்தான் சான்று. ஆகவே ஒரு படி கோயிலிலும் ஒரு படி வெளியே பாதுகாப்பான இடத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு அட்டையின் கீழும் சில கட்டங்களைக் காலியாக விடுங்கள். தேர்த் திருவிழா முடிந்து சீலை உள்ளே வரும்போது தேதி, புதிதாகக் கிழிந்த இடம், ஒட்டுப் போட்ட தையல்காரர் பெயர் மூன்றையும் அங்கே எழுதுங்கள்.