கெரையொஸ்: ஹோமரின் ‘பெரியவர்’ சொல்லைப் பிடிப்பது எப்படி

ஹோமரின் இலியட் காவியத்தைக் கிரேக்க மூலத்தில் படிக்க உட்கார்ந்தால் சீக்கிரமே எதிர்ப்படும் பெயரடை கெரையொஸ் (முதல் எழுத்தை ‘அங்கே’யில் வரும் ககரம் போல ஒலிக்கவும்). முதிய என்று பொருள், ஆனால் வெறும் வயதுக் கணக்கு இல்லை, மரியாதையும் கலந்தது, அதனால் ‘கிழவன்’ என்று பெயர்க்காதீர்கள், ‘பெரியவர்’ பொருந்தும். 3-ஆம் காண்டத்தில் திராய் நகர மதில்மேல் இருந்தபடி அந்நகர அரசன் பிரியாம் ஹெலனிடம் கிரேக்க வீரர்களைக் காட்டி அவன் யார், இவன் யார் என்று கேட்கிறான் அல்லவா, அங்கே பிரியாமின் பெயரே சொல்லாமல் ‘ஹொ கெரையொஸ்’, அந்தப் பெரியவர், என்று வரும்.

குறில் நெடிலை விட்டுவிடாதீர்கள். கிரேக்கத்தில் எ, ஏ தனித்தனி எழுத்து, ஒ, ஓவும் அப்படியே, நமக்கு இது பழகிய சங்கதிதான். முதுமைக்குப் பெயர்ச்சொல் கேரஸ், நெடில். அதே நெடிலோடு கேரையொஸ் என்றும் ஒரு வடிவம் கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டில் உண்டு, பொருள் ஒன்றேதான்.

வேற்றுமை சுலபம். ஆண்பால் ஒருமை: எழுவாய் கெரையொஸ், ஆறாம் வேற்றுமை கெரையூ, நான்காவது கெரையோய், இரண்டாவது கெரையொன், விளி கெரையெ. பன்மை எழுவாய் கெரையொய். பெண்பால் ஏதென்ஸ் வழக்கில் கெரையா. இங்கே ஒரு பொறி இருக்கிறது: 6-ஆம் காண்டத்தில் அதீனா தேவியின் கோயிலுக்குக் கூட்டிவரச் சொல்லும் மூதாட்டிகள் ‘கெரையாஸ்’, அதாவது இரண்டாம் வேற்றுமைப் பன்மை, ஆனால் பெண்பால் ஒருமையின் ஆறாம் வேற்றுமையும் அதே எழுத்துகள்தான், அழுத்தக் குறியைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பீடு. விதிப்படி கெரையொதெரொஸ் என்று எதிர்பார்ப்பீர்கள், வராது. நடுவில் உள்ள ஒகரம் விழுந்து கெரைதெரொஸ், இன்னும் மூத்த. உச்சநிலை கெரைததொஸ். 9-ஆம் காண்டத்தில் முதிய கிரேக்க அரசன் நெஸ்டர் இளம் வீரன் தியோமெதிஸிடம் ‘உன்னைவிட நான் மூத்தவன்’ என்று உரிமையோடு பேசுவது இந்தச் சொல்லை வைத்துத்தான்.

கெரோன் என்று பார்த்தால் அது உறவுக்காரச் சொல், கிழவர் என்ற பெயர்ச்சொல், கெரொந்தொஸ் என்று வேறு வழியில் வேற்றுமை ஏற்கும்; பண்டைய கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் மூத்தோர் அவையான கெரூசியா (60 வயது தாண்டிய 28 பேர், கூடவே 2 அரசர்கள்) இந்தக் குடும்பம்தான். பழைய திராட்சை மதுவுக்கு மட்டும் கெரையொஸ் போடாதீர்கள், அதற்குப் பலையொஸ்.