உப்புக்காற்றில் ஆபீஸ் நெட் அறுபடாமல் இருக்க

மண்டபத்து மீன் கம்பெனியோ ராமேஸ்வரத்து லாட்ஜோ, நெட் நின்றால் முதல் திட்டு லைன் கொடுத்தவருக்குத்தான். ஆனால் மொட்டைமாடியில் இருக்கும் ஆர்ஜே45 முனையையும் (நெட் கேபிளின் நுனியிலுள்ள பிளக்) ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் அதே கேபிளில் மின்சாரமும் போகிறது. ஈரமும் உப்பும் சேர்ந்தால் பின்கள் சீக்கிரமே களிம்பேறி அரித்துவிடும். 1000 மெகாபிட்டில் ஓடிய போர்ட் 100க்கு இறங்குவதும், நெட் கேபிள்களைச் சேர்க்கும் ஸ்விட்சில் சிஆர்சி பிழைகள் (வழியில் சிதைந்த தரவின் எண்ணிக்கை) ஏறுவதும் இதன் அறிகுறி.

வெளியே ஓடும் கேபிள் ஜெல் நிரப்பிய, கறுப்பு உறை போட்ட, முழுச் செம்பு கேட்6 ரக நெட் கேபிளாக இருக்கட்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு இங்கே தாங்காது. முனையை மூடிய பெட்டிக்குள் வைத்து, கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு அடிப்பக்கமாக நுழையுங்கள். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். கிளாம்ப் 316 ரக ஸ்டீல். 304 கடலோரத்தில் துருப்புள்ளி காட்டும். கட்டடம் விட்டுக் கட்டடத்துக்குச் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடிக்கு ஸ்விட்சுகள் பலியாவது பெரும்பாலும் அந்தச் செம்பு வழியாகத்தான்.

இரண்டு கம்பெனி லைன் வாங்கினால் போதும் என்பது பாதி உண்மை. இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒரே வெட்டில் போய்விடும். தீவில் இருப்பவர்கள் பாம்பனை எப்படிக் கடக்கிறீர்கள் என்று இருவரிடமும் கேட்டுவிடுங்கள். 4ஜி சிம்மை மாற்றாக வைத்தால், அந்த டவருக்குப் போகும் ஃபைபர் எது என்பதும் கேள்விதான்.

முதல் லைன் செத்ததா என்று பார்த்து ரவுட்டர் தானே அடுத்த லைனுக்கு மாறும் சோதனையை, ரவுட்டருக்கு அடுத்து இருக்கும் லைன்காரரின் கருவியோடு நிறுத்தாதீர்கள். ஃபைபர் தூரத்தில் அறுந்தாலும் அது பதில் சொல்லும். வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆகிய இரண்டு சர்வர் முகவரிகளையும் 5 நொடிக்கு ஒருமுறை பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு), இரண்டுமே 3 முறை தவறினால் மாறட்டும். சிம்மில் ஓடும்போது கேமரா கிளவுடுக்கு ஏற்றுவதைத் தடுங்கள், இல்லையேல் டேட்டா ஒரே நாளில் காலி. சிம்முக்குப் பெரும்பாலும் பொது ஐபி (வெளியிலிருந்து நேராகத் தொடர்புகொள்ளும் முகவரி) கிடைக்காது. அதனால் விபிஎன் (வேறு ஆபீஸோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) இங்கிருந்து வெளியே போவதாக அமையுங்கள்.

நெட் வழியே பேசும் அழைப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறதா? பெரும்பாலும் அப்லோட் நிரம்பி வரிசை கட்டுகிறது. ரவுட்டரில் அப்லோட் வேக வரம்பை, அளந்து பார்த்த வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள்.

ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றும் 60 வாட் இழுத்தால், நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி 10 மணி நேரம் தாராளமாகத் தாங்கும். ஏசியை அதில் மாட்டாமல் இருந்தால்.

மாதம் ஒருமுறை, வேலை முடிந்தபின் முதல் லைனைக் கையால் பிடுங்குங்கள். 30 நொடிக்குள் மாறவில்லை என்றால் அமைப்பைத் திருத்திவிட்டு மறுபடி பிடுங்குங்கள்.