ஐம்பது கிலோ ஆளுக்கு எந்த சர்ஃப் ஸ்கி?

கடல் கயாக்கில் கைதேர்ந்த ஒருவர் சர்ஃப் ஸ்கி, அதாவது திறந்த குழியில் உட்கார்ந்து அலை மேல் ஓட்டும் ஒல்லியான துடுப்புப் படகு, வாங்கக் கிளம்பினால் முதலில் அகலத்தைத்தான் கேட்பார். எத்தனை சென்டிமீட்டர், கவிழுமா கவிழாதா என்று. எனக்கு உயரம் 154 சென்டிமீட்டர், எடை 51 கிலோ. ஆஸ்திரேலியாவின் பெர்த் கடலோரத்தில் பல வருடம் கயாக் ஓட்டிவிட்டு ஸ்கிக்கு வந்தவள். என்னைப் போன்ற சின்ன உடம்புக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அகலத்தை அப்புறம் பாருங்கள், முதலில் படகில் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பும் பாதமும் பொருந்தாத ஸ்கி எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

கயாக்கில் தொடையும் முழங்காலும் மேல்தளத்துக்கு அடியில் இறுகி நிற்கும். படகைச் சாய்ப்பது, நிமிர்த்துவது, கவிழ்ந்தால் ரோல் அடித்து எழுவது எல்லாம் அந்தப் பிடியால்தான். ஸ்கியில் அது கிடையாது. திறந்த குழியில் உட்கார்ந்திருப்போம்; உடம்பு படகைத் தொடுவது இடுப்பிலும் பாதத்திலும் மட்டுமே. ஆகவே ரோல் இங்கே உதவாது. ஆனால் அலையைப் படிக்கும் கண்ணும், காற்றைக் கணிக்கும் பழக்கமும், துடுப்பைத் தண்ணீரில் அழுத்தித் தாங்கிக்கொள்ளும் அனிச்சையும் கூடவே வரும். அதனால்தான் அனுபவமுள்ள கயாக்காரர் புதியவரை விடச் சீக்கிரம் முன்னேறுகிறார்.

கடைக்குப் போனால் ஸ்கியைத் தரையில் மெத்தை போட்டு வைக்கச் சொல்லுங்கள். தண்ணீரில் போடுகிற உடையோடு, வெறுங்காலோடு உட்காருங்கள். பாதம் ஊன்றுகிற கால்தட்டை எவ்வளவு தூரம் உங்கள் பக்கம் இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துப் பாருங்கள். குள்ளமானவர்களுக்கு இங்கேயே பாதி ஸ்கிகள் கழிந்துவிடும். கடைசித் துளை வரை இழுத்தும் கால் முக்கால்வாசி நீண்டே கிடந்தால் அந்தப் படகு வேண்டாம். எட்டுகிறது என்றால், சுக்கான் கயிற்றையும் அதே அளவுக்குக் குறைக்க முடிகிறதா என்று கேளுங்கள். கயிறு தொளதொளவென்று இருந்தால் மிதியை அழுத்தினாலும் சுக்கான் திரும்பாது.

அடுத்தது குழிக்கு முன்னால், தொடைக்கு அடியில் வரும் மேடு. நீளக்கால்காரர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். நமக்கு அதுதான் பெரிய தலைவலி. மேடு உயரமாக இருந்தால் குட்டைத் தொடை அதன்மேல் படுத்துவிடும். வலது காலால் தட்டை அழுத்திப் பாருங்கள்; வலது இடுப்பு பின்னால் திரும்ப வேண்டும். ஸ்கியில் வேகம் வருவது அந்தத் திருப்பத்தால்தான், கையால் அல்ல. தொடை மேட்டில் உரசி நின்றுவிட்டால் இடுப்பு திரும்பாது, வெறும் தோள்பட்டையால் இழுத்துக்கொண்டிருப்பீர்கள். முட்டியை மடக்கி உட்கார்ந்த நிலையில், தொடைக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு கை தாராளமாக நுழைய வேண்டும்.

மேடு கொஞ்சம் உயரம் என்றால் அடியில் ஃபோம் போட்டு உட்காரலாமே என்பார்கள். ஒரு சென்டிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் போனால், ஆட்டம் உடனே தெரியும். நான் முதலில் பக்கவாட்டைத்தான் சரிசெய்வேன். தண்ணீர் உறிஞ்சாத ஃபோமை இடுப்பின் இரண்டு பக்கமும் காண்டாக்ட் பசையால் ஒட்டினால், குழிக்குள் வழுக்கிக்கொண்டிருப்பது நிற்கும். இடுப்பை ஆட்டினால் படகும் கூடவே ஆட வேண்டும். நடுவில் ‘டக்’ என்று இடிக்கக் கூடாது. அதற்காக இறுக்கிவிடவும் கூடாது, இடுப்பு திரும்ப இடம் வேண்டும். பெரிய குழியில் சின்ன ஆள் உட்கார்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. உடம்பு அடைக்காத இடத்தை எல்லாம் அலை நிரப்பும். குழியின் அடியில் இருக்கும் பெய்லர் என்கிற வடிகால் அதை உறிஞ்சி வெளியேற்றக் கொஞ்சம் வேகம் வேண்டும். அதுவரை மடியில் தண்ணீர் இப்படியும் அப்படியும் அலையும். ஃபோம் ஒட்டினால் அதுவும் குறையும்.

சரி, இப்போது நீள அகலம். பந்தயக்காரர்களின் ஸ்கி 6.4 மீட்டர் நீளம், 43 சென்டிமீட்டர் அகலம் வரும். முதல் படியில் இருப்பவர்களுக்கானவை ஐந்து, ஐந்தரை மீட்டர் நீளமும் 50 முதல் 56 சென்டிமீட்டர் அகலமும். எபிக் நிறுவனத்தின் வி8 இந்த வகை: 5.5 மீட்டர், 56 சென்டிமீட்டர். நடுத்தரம் 45 முதல் 49 வரை. நம் எடை மையம் தாழ்வாக இருக்கும், அதனால் உயரமான ஆளுக்கு ஆடுகிற ஸ்கி நமக்கு அவ்வளவு ஆடாது. ஆனால் பாரம் குறைவு என்பதால் பெரிய படகு தண்ணீரில் போதுமான அளவு அமிழாது. மிதப்பாக நிற்கும், பக்கக் காற்று தள்ளும், அலை உச்சியில் பின்பக்கம் தூக்கினால் சுக்கான் காற்றில் நிற்கும். நீளம் கூடினால் வேகம் கூடும் என்பதும் நமக்கு அப்படியே பொருந்தாது. நம்மால் முடிகிற வேகத்தில், படகைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் தண்ணீரோடு உரசும் பரப்புதான். நீண்ட படகு என்றால் அந்தப் பரப்பு அதிகம்.

அதனால் என் சிபாரிசு: குறைந்த கொள்ளளவு உள்ள, 48 முதல் 52 சென்டிமீட்டர் அகல ஸ்கி. ஃபென் நிறுவனத்தின் ஸ்பார்க் எடை குறைந்தவர்களுக்கென்றே வந்தது, உட்கார்ந்து பார்க்க வேண்டிய பட்டியலில் முதலில் வையுங்கள். எபிக் வி10எல் கூட லேசான ஆட்களுக்கானதுதான், ஆனால் அது ஒல்லி. இரண்டாவது ஸ்கியாக வைத்துக்கொள்ளலாம். நெலோவின் 510, 520, 550 என்கிற எண்கள் சென்டிமீட்டரில் நீளம், அதை வைத்தே ஓரளவு வடிகட்டலாம். விவரப் பட்டியலில் போட்டிருக்கும் அகலம் படகின் மிக அகலமான இடத்தில் அளந்தது. அதைவிட முக்கியம், பாதத்துக்குப் பக்கத்தில், துடுப்பு தண்ணீரில் இறங்குகிற இடத்தில் எவ்வளவு என்பது. குட்டைக் கைக்கு அங்கே இரண்டு சென்டிமீட்டர் அதிகமானாலும் துடுப்பைச் செங்குத்தாக இறக்க முடியாது. ஓரம் உயரமாக இருந்தால் விரல் முட்டி இடிக்கும். டேப் கொண்டுபோய் நீங்களே அளந்துவிடுங்கள்.

துடுப்பும் மாற வேண்டும். கயாக்கில் 215 சென்டிமீட்டர் வைத்திருந்தால், ஸ்கிக்கு விங் துடுப்பு (இலை இறக்கைபோல் வளைந்தது) 200 முதல் 205 போதும். இலை, அதாவது தண்ணீரில் இறங்கும் பகுதி, சின்னதாக, நீளம் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். பெரிய இலை தோளைக் கெடுத்துவிடும்.

ஏறிக்கொள்வதுதான் ஸ்கியின் ரோல். விழுந்தால் பக்கவாட்டில் நீந்தி, காலை உதைத்து வயிறு குழியின் குறுக்கே வரும்படி எழும்பி, புரண்டு உட்கார்ந்து, அப்புறம் காலை உள்ளே எடுக்க வேண்டும். குழியின் பக்கம் தாழ்வாக வெட்டப்பட்ட ஸ்கி குட்டைக் கைக்காரர்களுக்கு வரம். உயர்ந்த பக்கம் உள்ளதில் ஓய்ந்துபோன நேரத்தில் ஏற முடியாது. சோதனை ஓட்டத்தின் முடிவில், களைத்த பிறகு, இரண்டு பக்கமும் மாறி மாறி ஏறிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த ஸ்கியோடு தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது.

சோதனை ஓட்டத்தைப் பெர்த்தின் ஸ்வான் நதியில் மட்டும் முடித்துவிடாதீர்கள். தட்டையான தண்ணீரில் எல்லா ஸ்கியும் நல்ல ஸ்கிதான். நதியில் கால்தட்டைச் சரிசெய்துகொண்டு, அப்புறம் காட்டஸ்லோ கடற்கரைப் பக்கம் அரை மீட்டர் அலையில் போங்கள். அலை பக்கவாட்டில் வரும்படி திரும்பி, துடுப்பை மடியில் வைத்து, நிதானமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடியுங்கள். முடிகிறதா? நல்லது. பின்னால் வரும் அலையில் ஓட்டும்போது துடுப்பு பாதி நேரம் தாங்கிக்கொள்ளவே போகிறது என்றால் அகலம் போதவில்லை. ஸ்கி என்பதே அலை மேல் ஓடுவதற்காகத்தான். பெர்த்தில் கோடை மதியம் ஃப்ரீமேண்டில் டாக்டர் என்கிற தென்மேற்குக் காற்று எழும்போது எல்லோரும் வடக்கே ஓடுவது அதற்காகத்தான். ராட்நெஸ்ட் தீவிலிருந்து சொரென்டோ வரை 27 கிலோமீட்டர் நடக்கும் பந்தயத்துக்கும் தி டாக்டர் என்றே பெயர். அந்த அலையில் அழுத்தித் துடுப்பு போட முடியாவிட்டால், ஒல்லி ஸ்கியால் பயன் இல்லை. அகலமான ஸ்கியில் போகிறவர் உங்களைத் தாண்டிப் போவார்.

பெர்த்தில் கோடைக் காலையில் காற்று கிழக்கிலிருந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அந்த நேரத்தில் விழுந்து கை நழுவினால் காலி ஸ்கி நாம் நீந்துவதை விட வேகமாகப் போய்விடும். லேசான கார்பன் படகு இன்னும் வேகமாக. காலையும் படகையும் இணைக்கும் லீஷ் கயிற்றைக் கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. கயாக்காரர்களுக்கு இந்தப் பழக்கமே இருக்காது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

படகின் எடைக்குப் பணம் செலவழிக்கலாமா? நமக்கு ஆம். ஃபைபர் கிளாஸில் 17, 18 கிலோ வரும்; கார்பனில் 11, 12. தனியாகக் காரின் மேல் ஏற்றி, காற்றில் மணல் மேல் தூக்கிப் போகிற 50 கிலோ ஆளுக்கு அந்த ஆறு கிலோ, வாரம் எத்தனை நாள் கடலுக்குப் போகிறோம் என்பதையே தீர்மானிக்கும். பாறைக் கரையில் இறங்குகிறவர் என்றால் மட்டும் கனமானதை எடுங்கள், கார்பன் அடி தாங்காது.

பழையதாக வாங்கினால் கால்தட்டுத் தண்டவாளத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழிக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள். வடிகால் மூடியைத் திறந்து பின்பக்கமாகச் சாய்த்து உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சுக்கானைக் கையால் ஆட்டினால் தண்டு கடகடக்கக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்து, கால்தட்டும் எட்டினால், ஒரு மணி நேரம் கடலில் ஓட்டிப் பார்க்க விடுவாரா என்று விற்பவரிடம் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அடுத்ததைத் தேடுங்கள்.