குழந்தைக்கு வீடியோவில் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது எப்படி?

வீடியோவில் பார்க்கும் மருத்துவரால் குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்க்க முடியாது, ஸ்டெதஸ்கோப் வைத்து நெஞ்சைக் கேட்க முடியாது. நீங்கள் காட்டுவதையும் சொல்வதையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். அதனால் பாதி வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துவிடுங்கள்.

1. வீடியோ போதுமா என்று பாருங்கள்

வலிப்பு நோய், முதல் வகை சர்க்கரை நோய், ஆஸ்துமா, ஆட்டிசம் போன்றவற்றுக்கான தொடர் ஆலோசனைகளில் பலவற்றை வீடியோவில் முடித்துவிடலாம். மூச்சுத் திணறல், 5 நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

2. எடை பாருங்கள்

குழந்தைகளுக்குப் பெரும்பாலான மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்தது. போன மாத எடை உதவாது. குழந்தை தனியாக நிற்காதா? தூக்கிக்கொண்டு ஒருமுறை, தூக்காமல் ஒருமுறை நீங்களே எடை மிஷினில் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

3. அறிகுறிகளைப் படம் பிடியுங்கள்

என்னைக் கேட்டால், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சந்திப்பு நேரத்தில் குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும்; மருத்துவர் பார்க்க வேண்டியதோ நேற்று ராத்திரி நடந்தது.

வலிப்பு போல ஏதாவது வந்தால், முதலில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகம், கண், கை, கால் எல்லாம் தெரியட்டும். முடிந்து குழந்தை தெளியும்வரை எடுக்கட்டும். கண் எந்தப் பக்கம் போனது, எந்தக் கை முதலில் துடித்தது என்பதெல்லாம் நரம்பியல் மருத்துவருக்கு முக்கியமான தடயங்கள். தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

தோல் தடிப்பு என்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று எடுங்கள். கிட்டத்தில் எடுக்கும்போது பக்கத்தில் ஸ்கேல் வைத்தால் அளவு புரியும். இவற்றை மருத்துவமனை சொல்லும் பாதுகாப்பான வழியில் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

மூச்சில் சந்தேகம் இருந்தால், குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி முழுதாக 1 நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினால் மருத்துவமனைக்கே போங்கள்.

4. மருந்துகளை எடுத்து வையுங்கள்

பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஒரே சிரப் பல வீரியங்களில் வரும். 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்ட லேபிளைக் கேமராவில் காட்டுங்கள். இன்ஹேலர் பயன்படுத்தும் குழந்தை என்றால் மருத்துவர் முன்பே ஒருமுறை செய்து காட்டட்டும். தவறான முறை அங்கேயே பிடிபடும்.

5. அழைப்பின்போது

போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து நிறுத்துங்கள். வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். சின்னக் குழந்தைக்குப் பிடித்த பொம்மையைக் கொடுத்துத் தரையில் விடுங்கள். அது நடப்பது, கை நீட்டுவது, கூப்பிட்டால் திரும்புவது எல்லாமே பரிசோதனைதான். நடக்க வைத்துக் காட்டச் சொன்னால் முழு உடம்பும் தெரியும் தூரத்தில் போனை வையுங்கள். வளர்ந்த பிள்ளை என்றால் சில நிமிடம் மருத்துவரிடம் தனியாகப் பேச விடுங்கள். உங்கள் முன்னால் சொல்லத் தயங்கும் விஷயங்கள் அவர்களுக்கு இருக்கும்.

6. துண்டிப்பதற்கு முன்

மருந்தின் அளவையும் வேளையையும் எழுதி, மருத்துவரிடமே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். என்ன ஆனால் நேரில் வர வேண்டும், இரவில் யாரைக் கூப்பிட வேண்டும், ரத்தப் பரிசோதனை எங்கே எடுக்கலாம் என்று கேளுங்கள். இணைப்பு நடுவில் அறுந்தால் எந்த எண்ணில் பேசுவது என்பதை மட்டும் அழைப்பின் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.